மலையும் குழியும்

"வகுப்பு முழுக்கக் கள்ளர்" என்று விடைத்தாள் கட்டை மேசையில் போட்டார் தியாகலிங்கம் சேர். "ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்கிறியள்."

நெடுந்தீவில் அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கணிதம் என்றால் அவர் ஒருவர்தான். யாழ்ப்பாணத்தில் நடக்கும் கணிதப் போட்டிக்கு ஒரு பிள்ளையைத் தெரிவு செய்யத்தான் இந்தப் பரீட்சை. பரீட்சை நடந்த வெள்ளிக்கிழமை அவர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"x வர்க்கத்தின்ரை குணகம் மைனஸ் எண்டால் வளைவு எப்பிடி வரும்? மலை மாதிரிக் கவிழ வேணும். நீங்கள் எல்லாரும் குழி கீறி வைச்சிருக்கிறியள். எல்லாருக்கும் ஒரே பிழை எப்பிடி வரும்?"

குரல் கொஞ்சம் இளகியது.

"என்ரை மகள் எண்டதுக்காகச் சொல்லேல்லை. பவதாரணி மட்டும்தான் மலை கீறினவ. போட்டிக்கு அவதான் போறா. மற்ற ஆக்கள் எழும்பி மன்னிப்புக் கேளுங்கோ."

மற்றவர்கள் எழும்பினார்கள். சுலக்சனா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள்.

"உமக்குத் தனியச் சொல்ல வேணுமோ?"

"நான் கேக்கமாட்டன், சேர்."

"பிழை விட்டது போதாதெண்டு வாய் வேறை."

"நான் பிழை விடேல்லை. நீங்கள் பலகையைத் திரும்பிப் பாருங்கோ."

கரும்பலகையில் வெள்ளிக்கிழமை எழுதியது அழியாமல் இருந்தது. போட்டோகொப்பி மெசின் பழுது. அதைத் திருத்த வேண்டியவர் கடல் கொந்தளிப்பில் படகேறி வரவில்லை. அதனால் சேர் வைத்துவிட்டுப் போன ஒரே கேள்வித்தாளைப் பார்த்து, தமிழ் படிப்பிக்கும் றஞ்சனி ரீச்சர்தான் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்.

y = x² + 4

மைனஸைக் காணவில்லை.

"மைனஸ் இல்லாட்டில் குழிதான் வரும்" என்றாள் சுலக்சனா. "நாலு மாறாததாலை மலையின்ரை உச்சியும் குழியின்ரை அடியும் ஒரே புள்ளியிலைதான் முட்டும். அங்கையிருந்து மலை இறங்கும், குழி ஏறும். எங்களுக்குத் தந்த கேள்விக்கு ஏறத்தான் வேணும், சேர். அதுக்கு ஆரையும் பாத்து எழுதத் தேவையில்லை."

சேர் சோக்குக் கட்டியை எடுத்தார். திரும்பக் கீழே வைத்தார்.

"ரீச்சர் விட்ட பிழை. சரி, எல்லாரும் இருங்கோ."

"அப்ப போட்டிக்கு ஆர் போறது?"

"அதிலை மாற்றமில்லை. சரியான மலையைக் கீறினது பவதாரணிதானே."

மூன்றாம் வாங்கில் இருந்த பவதாரணி எழும்பினாள். வகுப்பில் அவரை மறந்தும் 'சேர்' என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிடாதவள் அவள்.

"நான் பலகையைப் பாக்கவே இல்லை, அப்பா. வியாழக்கிழமை வீட்டிலை நீங்கள் கீறிக் காட்டினதைத்தான் கீறினனான். மன்னிப்புக் கேக்கிறதெண்டால் நாங்கள் ரெண்டு பேரும்தான் கேக்க வேணும்."