நெற்றிச் சூடு

“இதுக்கு இங்கிலீஷ்ல பேரு கேலம்னி, சாமி! அவதூறு!” என்றார் ஜெபக்குமார்.

பங்குச்சாமியார் ஓலைப் புத்தகத்தை மூடி வைத்தார். ஸ்டெபினுக்கும் ஜூடிக்கும் கல்யாணம் என்று இரண்டு ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு வாசிக்க வேண்டாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண்ணின் அப்பா ஐயாதுரை போன் செய்துவிட்டார். மாப்பிள்ளை மொடாக்குடியனாம்.

ராஜபாளையம் நூல் மில்லில் சூப்பர்வைசர் ஸ்டெபின். ஜெபக்குமாரின் ஒரே மகன். பீரைக்கூட முகர்ந்து பார்த்தவனில்லை.

“புறம் பேசுறதுல நெசமும் இருக்கலாம். கேலம்னிக்கு ரெண்டு வேணும். பொய்யின்னு தெரிஞ்சே சொல்லணும். ஒருத்தன் பேரு கெடணும்னே சொல்லணும். லத்தீன்ல ஏமாத்துறதுங்கிற வேர்லருந்து வந்த வார்த்தை. ரோமாபுரியில, அப்படிச் சொன்னவன் நெத்தியில ‘கே’ எழுத்தைக் காய்ச்சிச் சூடு போடுவாங்களாம்.”

“மன்னிச்சு விட்ருங்களேன் சார்” என்றார் சாமியார்.

“மொதல்ல சூடு. பொறவு மன்னிப்பு.”

ஜெபக்குமார் ரிட்டயர் ஆன இங்கிலீஷ் வாத்தியார். எதையும் வேர் வரைக்கும் போய்ப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஸ்கூட்டரை எடுத்தார்.

ஐயாதுரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். “எனக்கு ஜவுளிக்கடை ரத்தினம் சொன்னாரு.”

உள்ளே ஜூடி அழுகிற சத்தம் கேட்டது.

ரத்தினம் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கெதுக்கு சார் ஊர் வம்பு? சமுத்திரம் டீக்கடையில பேசிக்கிட்டாங்க.”

சமுத்திரம் ஜெபக்குமாரிடம் படித்தவன்.

“ஏலே, எம் மகனைக் குடிகாரன்னு சொன்னது யாரு?”

சமுத்திரம் டம்ளரை இரண்டாம் முறை கழுவினான். “உங்க மவன்தான் சார்.”

“என்னலே?”

“இந்தா, இந்த பெஞ்சுலதான். நாலு பேரு கேக்க, ‘நான் தெனமும் குடிப்பேன், பொண்ணு வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது’ன்னாரு. அப்படிச் சொன்னா எவன் சார் சும்மா இருப்பான்?”

வீட்டில் ஸ்டெபின் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“ஏம்லே அப்படிச் சொன்ன?”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “ஜூடிக்கு மனசு வேற ஒருத்தர்கிட்ட இருக்குப்பா. ஓலை வாசிச்ச பொறவுதான் போன்ல சொல்லி அழுதா. அவ வேண்டாம்னா ஊரு அவளைக் கிழிச்சிரும். நான் வேண்டாம்னாலும் அவகிட்ட என்ன கொறைன்னு தோண்டுவாங்க. அதான்...”

“இனிமே உனக்கு யாருலே பொண்ணு குடுப்பாங்க?”

“பொண்ணை விடுங்க. இன்னைக்கு மில் கேட்டுல வாயை ஊதச் சொன்னாங்கப்பா.”

ஜெபக்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

பொய் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறான். ஒருவன் பேர் கெட வேண்டும் என்றே சொல்லியிருக்கிறான். அவர் சொன்ன இலக்கணம் இரண்டும் அப்படியே பொருந்தியிருந்தது.

சூடு போட வேண்டிய நெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பெருவிரலால் அதில் மெல்லச் சிலுவை வரைந்தார்.