வேம்படிக்குளம் மறுதிறப்பு

பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த வேம்படிக்குளம் கிராமத்தை அரசு புதுப்பித்து, நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பு இருந்தபடியே மக்களுக்குத் திறந்துவிட்டது. வாசலில் ஓர் இயந்திரம். விரலை வைத்தால் உங்கள் வம்சத்தைப் படித்து, அந்தக் காலத்தில் நீங்கள் எந்தத் தெருவில் இருந்திருப்பீர்களோ அந்தத் தெருவுக்கு அனுப்பிவைக்கும். டிக்கெட் மட்டும் எல்லோருக்கும் ஒரே விலை. சமத்துவ விஷயத்தில் அரசு மிகவும் கண்டிப்பு.

மரகதம் முதல் நாளே கணவனோடும் நாலு வயது மகளோடும் வந்துவிட்டாள். அவளுக்கு மேலத்தெரு கிடைத்தது, கூடவே ஒரு பட்டுப்புடவையும். அவள் கணவன் துரைக்கண்ணுவுக்குக் கீழத்தெரு. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னது இயந்திரம்.

"என்ன சார் இது?" என்றான் அவன்.

"சும்மா ஒரு அனுபவம் சார்," என்றார் வாசலில் நின்ற அதிகாரி. "ஆராய்ச்சி பண்ணிச் செஞ்சது. சாயங்காலம் வெளியே வந்ததும் போட்டுக்கலாம்."

குழந்தை யாழினி ஆசையாக விரலை வைத்தாள். இயந்திரம் வெகுநேரம் யோசித்தது. பிறகு, "இந்தக் குழந்தைக்கு ஊரில் இடமில்லை" என்றது.

அதிகாரி பதறிப்போனார். "ஏதோ கோளாறு மேடம், இப்பவே சரிபண்ணிடுறோம்."

"கோளாறெல்லாம் இல்லை சார்." மரகதம் புடவையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "இவ பிறந்தப்போ எங்கப்பாவும் இதையேதான் சொன்னார். இப்பவும் சிட்டியில, முப்பதாவது மாடியில இருக்கார். அவரையே வாசல்ல உட்கார வெச்சிருந்தீங்கன்னா மெஷின் செலவு மிச்சமாகியிருக்கும்."