பூட்டு மாற்றிய செலவு

பேருந்து ஓட்டுநரின் மனைவி, வீட்டுச் செலவைக் குறித்துவைக்க நல்ல செயலி தேடி அலுத்துப்போனாள். கடைசியில், வாயால் சொன்னாலே பதிவாகும் ஒன்றை இறக்கினாள். இருவரும் ஆளுக்கொரு செலவைச் சொன்னார்கள்.

‘மூன்று குரல்கள் பதிவாகியுள்ளன’ என்று காட்டியது.

"இதுவும் தண்டம். வேற பாரு" என்றான் கணவன்.

அடுத்த செயலியும் மூன்று என்றது. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது குரலைத் தொட்டுப் பார்த்தாள். ‘வாசல் பூட்டு மாற்றிய செலவு, இன்று’ என்றிருந்தது.

"பூட்டை மாத்தினீங்களா?"

"நான் எதுக்கு மாத்தப்போறேன்?"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். கதவு பூட்டியிருந்தது. உள்ளிருந்து திறக்கப் பார்த்தால், அவள் சாவி நுழையவில்லை. அவனுடையதும் நுழையவில்லை.

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு, வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்போல, யாரோ நிதானமாகச் சாவியைத் திருகினார்கள்.