பதினோரு விநாடி நேர்கோடு

மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில் பதினோரு விநாடிக்கு ஒரே நேர்கோடு.

"ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எப்படிங்க பண்ணீங்க?" என்றாள் ஐவி. விமானத்துக்குள் கருவி முட்களைப் படம்பிடிக்கும் கேமராவின் படச்சுருளைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, விமானத்தின் ஆட்டத்தைக் கோடாகப் போடுவது அவள் வேலை.

விமானி கிளெமென்ட்டுக்கே அது புரியவில்லை.

வாலில்லாத அந்தச் சோதனை ஜெட், ஒலியின் வேகத்தை நெருங்கினால் போதும், மூக்கை மேலும் கீழும் ஆட்டி உதறத் தொடங்கிவிடும். போன இலையுதிர் காலத்தில் உதறிய உதறலில் இறக்கை பிய்ந்து, அதை ஓட்டிய ஹார்ட்லி போய்ச் சேர்ந்தான்.

இன்று காலை கிளெமென்ட்டிடமும் உதறியது. விமானத்தை இயக்கும் பிடியை இறுக்கி அடக்கப் பார்த்தான். அடக்க அடக்க இன்னும் மோசமானது.

அதுவரை ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் வருவது, கீழே தேம்ஸ் ஆறு. நடுவில் அப்படி என்னதான் செய்தான்?

இங்கே ஒரு வழக்கம். கோட்டின் ஓரத்தில், அந்தந்த நேரத்தில் தன் கை என்ன செய்தது என்று விமானியே பென்சிலால் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்தவன் ஏறுவான். நாளை ஏறப்போகிறவன் நைஜல்.

கிளெமென்ட்டின் பென்சில் நேர்கோட்டருகே நின்றுவிட்டது. தள்ளினேனா? இழுத்தேனா? யாருடைய கையையோ பார்ப்பதுபோலத் தன் கையைப் பார்த்தான்.

"பெரிய ஆளுடா நீ. எனக்கும் கொஞ்சம் சொல்லு, நாளைக்கு நான் வீடு திரும்பணும்ல," என்று நைஜல் அவன் உச்சந்தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான்.

உயிர் போகிற வலி. முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தான் கிளெமென்ட். கோழிமுட்டை அளவுக்கு வீக்கம்.

உதறலில் தலை விமானி இருக்கைக்கு மேலுள்ள கண்ணாடியில் மோதியிருக்கிறது.

ஜன்னலோரம், விமானிகளைப் பரிசோதிக்கும் டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒருமுறை மயங்கியவனை அவர் மறுபடி ஏறவிடமாட்டார். பறப்பதைத் தவிர கிளெமென்ட்டுக்கு வேறொன்றும் தெரியாது. 'மெதுவாகத் தள்ளினேன்' என்று எழுதிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

நைஜல் அதை நம்புவான். நாளை முப்பதாயிரம் அடி உயரத்தில் அப்படியே செய்தும் பார்ப்பான்.

கிளெமென்ட் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டான். தட்டச்சு செய்யும் முன் ஐவி அதை வழக்கம்போல உரக்கப் படித்தாள்.

"இந்தப் பதினோரு விநாடியும் நான் மயங்கிக் கிடந்தேன். பிடியில் யார் கையும் இல்லாததால்தான் அது அடங்கியது. நைஜல், உதறினால் விட்டுவிடு."

டாக்டர் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்து, விமானி உரிமத்துக்காகக் கையை நீட்டினார்.