இருபதடி தூரம்

பறவைகளைப் படமெடுப்பது மாசிலாமணியின் தொழில். விவாகரத்துக்குப் பின் மகள் நறுமுகை யாரிடம் வளர்வது என்று முடிவுசெய்ய, அவன் எடுத்த அவளுடைய படங்களில் பதிவான கேமரா விவரங்களைக் குடும்ப நீதிமன்ற இயந்திரம் ஆராய்ந்தது.

"எல்லாமே தூரத்திலிருந்து எடுக்கும் டெலி லென்ஸ். குழந்தையிடமிருந்து சராசரியாக இருபதடி விலகியே இருந்திருக்கிறீர்கள்."

"கேமராவத் தூக்கிட்டு கிட்ட போனா சிரிப்ப நிறுத்திருவா. அதான் தள்ளி நின்னேன்."

அந்தப் பதிலை இயந்திரம் கணக்கில் எடுக்கவில்லை. குழந்தை தாயிடம். தகப்பன் ஞாயிறுதோறும் பார்க்கலாம், பழகிய தூரத்தில் நின்று.

முதல் ஞாயிறு, பூங்காவில் இருபதடி தள்ளி வரைந்திருந்த மஞ்சள் கோட்டின் மேல் நின்றான்.

"அப்பா, கேமரா கொண்டு வரலையா?" எதிர்ப்பக்கமிருந்து நறுமுகை கத்திக் கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்புறம் ஏன் அங்கயே நிக்கிற?"