முட்டி போச்சு

"மகிழினிக்கு முட்டி போச்சு சார். டில்லி கேம்ப்புக்கு அனுப்ப முடியாது. வேற பொண்ணப் பாத்துக்குங்க."

சில்வியா போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நிலக்கரித் தூசி படிந்த மைதானத்தில், முட்டி போனதாகச் சொல்லப்பட்ட மகிழினி மூன்று பேரை ஏய்த்துவிட்டுப் பந்தை வலைக்குள் அடித்துக்கொண்டிருந்தாள்.

விசில் வாங்கிப்போக வந்த கேப்டன் ஐரீன் வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. விசிலை வாங்காமலே திரும்பி ஓடினாள்.

அந்தத் திருவொற்றியூர்க் கல்லூரியில் படித்து, அங்கேயே பெண்கள் கால்பந்துக் கோச்சாகவும் ஆனவள் சில்வியா. அவளிடம் ஆடியவர்கள் ரயில்வேயில் இருக்கிறார்கள், போலீசில் இருக்கிறார்கள். இந்தியா ஜெர்சி மட்டும் ஒருத்திக்கும் வாய்க்கவில்லை. இத்தனை வருடம் கழித்து டில்லி ஒரு வியாசர்பாடிப் பெண்ணைக் கூப்பிட, அதையும் கோச்சே கெடுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"பொறாமை, வேற இன்னா?" என்றாள் கோல்கீப்பர் ரமாபாய். "எம்பத்திரெண்டுல மேடமும் அதே கேம்ப்புக்குப் போச்சாம். முட்டி போச்சுன்னு நாலா நாளே ரயிலேறிடுச்சாம். தனக்குக் கெடைக்காதது இவளுக்கு மட்டும் கெடைக்கலாமா?"

"போன முட்டியா அது? இன்னிக்கும் நம்ம எல்லாரையும் ஓடி முந்திகினு கீது," என்றாள் ஐரீன். யாரும் சிரிக்கவில்லை.

சில்வியா மைதானத்துக்கு வந்தபோது ஒருத்தியும் ஓடவில்லை. எல்லோரும் கூட்டமாக நின்றிருந்தார்கள். மகிழினி நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"நைனா பர்மா பஜார்ல பெட்டிகூட வாங்கியாந்துட்டாரு மேடம். தெரு பூரா சொல்லிட்டாரு. என் முட்டிக்கு இன்னா? பாருங்க, நல்லாத்தான கீது."

ஐரீனுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த டீம்ல அவள மாதிரி யாரு மேடம் ஆடிகிறா? நாங்க எல்லாம் மாசாமாசம் டிரம்கிட்ட உக்காந்து கீறோம். மூணு வருசத்துல இவ ஒரு நாளாவது உக்காந்துகிறாளா?"

பூவரச மரத்தடியில் ஒரு தண்ணீர் டிரம் இருந்தது. மாதத்தில் அந்த மூன்று நாள் முடியாதவள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் போதும். ஏன் ஓடவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். சில்வியா மாணவியாக ஆடிய காலத்திலிருந்தே அங்கே வழக்கம் அது.

"எல்லாரும் போயி பத்து ரவுண்டு ஓடுங்க," என்றாள் சில்வியா. "மகிழினி, நீ என்கூட வா."

"தானும் படுக்க மாட்டா, தள்ளியும் படுக்க மாட்டா," என்று கேட்கும்படியாகவே முனகிக்கொண்டு ஐரீன் ஓடினாள்.

சில்வியா பூவரச மரத்தடிக்குப் போய் நின்றாள். மகிழினியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றாள். வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

"ஐரீன் சொன்னது நெசந்தான? நீ இங்க உக்காந்ததே இல்லல்ல?"

மகிழினி தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை நின்று பயம் வந்தது.

"உங்கம்மா இன்னா சொல்லுது?"

"ஓடி ஓடி ஒடம்பு சூடாயிடுச்சாம். அதான் இன்னும் வயசுக்கு வரலையாம். கல்யாணம் ஆனா சரியாப் பூடும்னு சொல்லும்." குரல் உள்ளே போயிற்று. "வெளிய யாருக்கும் தெரியாது மேடம். சொல்லிடாதீங்க."

"நான் சொல்ல மாட்டேன். டில்லிக்காரன் சொல்லுவான்."

மகிழினிக்கு விளங்கவில்லை.

"மொத ரெண்டு நாளு பந்து குடுப்பாங்க. உன் ஆட்டத்தப் பாத்துட்டு கை தட்டுவாங்க. மூணா நாளு டாக்டரு ரூமுக்குக் கூப்புட்டு ரத்தம் எடுப்பாங்க. நீ பொண்ணுதானான்னு பாக்கறதுக்கு. இல்லன்னு டெஸ்ட்டுல வந்துச்சுன்னா, மறுநாளே ரயில் ஏத்தி வுட்ருவாங்க. பேப்பர்ல பேரு போட்டுட்டாங்கன்னா, அப்பறம் உன் தெருவுல உன்னால நடக்க முடியாது. உங்கப்பாவால முடியாது."

"நான் பொண்ணு மேடம்."

"பொண்ணுதாண்டி. யாரு இல்லன்னது? அந்த டெஸ்ட்டுக்குத்தான் அது தெரியாது."

மைதானத்தைச் சுற்றி வந்தவர்கள் மரத்தைக் கடக்கும்போது வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சில்வியா அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள். இனி இந்த டீமில் ஒருத்தியும் தன்னை நம்பப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

மகிழினிக்கோ கோபம் மறுபடி திரும்பியது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிற ஆத்திரம்.

"எனக்கு அப்டித்தான் வரும்னு உங்களுக்கு எப்டித் தெரியும்? மூணா நாளு, ரத்தம், மறுநாளே ரயிலு... இதெல்லாம் யாரு உங்களுக்குச் சொன்னது?"

சில்வியா டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பூவரசின் வேரில் மெல்ல உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். மகிழினி உட்காரும்வரை காத்திருந்து, குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"நானும் ஒரு நாள்கூட இங்க உக்காந்ததில்லடி."