கை கழுவும் தொட்டி

மாதுளைத் தோல் உரிக்கும் ஆலையில் சாயங்காலச் சங்கு ஊதியதும் எல்லாரும் கை கழுவ வரிசையில் நின்றார்கள். விரலில் ஒட்டிய கறையிலும் மருந்துச் சத்து இருக்கிறதாம். அதனால் அந்தத் தண்ணீரும் சாக்கடைக்குப் போகாமல் கம்பெனித் தொட்டிக்கே போகும். மாத்திரைக்கும் ஊசிக்கும் கிருமிகள் மசியாமல் போன பிறகு, புண்ணை ஆற்றுவது இந்தத் தோலின் சாறு ஒன்றுதான்.

அந்தோணியம்மாள் தொட்டியைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள். வீட்டில் மகள் முழங்காலில் சீழ் கட்டிக் கிடக்கிறாள். "மருந்து அத்தனையும் வெளிநாட்டுக்குப் போகுதும்மா" என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டில் போய்க் கையைக் கழுவி, அந்தக் கறைத் தண்ணீராலாவது புண்ணைக் கழுவ வேண்டும்.

"கழுவாமப் போகாதக்கா, திருட்டு கேஸாயிடும்" என்று காவலாளி மறித்தான்.

"நான் என்னத்தைத் திருடினேன்?"

அவன் அவளுடைய மஞ்சள் படிந்த விரல்களைக் காட்டினான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுதிக்கோ தம்பி, நல்லா எழுதிக்கோ! பெத்த புள்ளைக்காக, ஒருத்தி தன் ரெண்டு கையையும் திருடிட்டுப் போறாள்னு எழுதிக்கோ!"

கறை போய்விடும் என்று, பஸ்ஸில் கம்பியைக்கூடப் பிடிக்காமல் தள்ளாடியபடியே நின்றாள்.